‘ரிஸ்கே’ என்ற சொல்லை ‘ஆபாசம்’ என்று மொழிபெயர்க்கலாமா?

பினாங்கில் ஒரு தமிழ் ஏட்டின் கலைப்பக்கத்துக்கு மொழிபெயர்த்துப் பழகிவரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கோலாலம்பூரில் மேடையேறிய ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகத்தின் விமர்சனத்தில் ‘தி ஹியூமர் இஸ் ரிஸ்கே பட் நெவர் குரூட்’ என்ற வரி வந்திருக்கிறது. அவர் அதை ‘நகைச்சுவை ஆபாசமானது, ஆனால் ஒருபோதும் கொச்சையானதல்ல’ என்று எழுதிக் கொடுக்க, ஆபாசமாக இருந்துகொண்டே கொச்சையில்லாமல் எப்படி இருக்க முடியும் என்று பக்க ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அகராதியோ ஆபாசமான, நாகரிகமற்ற என்றுதான் பொருள் தருகிறதாம். இச்சொல்லின் உண்மையான பொருள் என்ன, ‘ரேஸி’, ‘சஜெஸ்டிவ்’ என்ற சொற்களுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, தமிழில் எதை எழுதுவது என்பவை அவர் கேட்பவை.

பக்க ஆசிரியர் கேட்டது நியாயமே. பாலியல் சார்ந்த ஒன்றை வெளிப்படையாகச் சொல்லாமலும் காட்டாமலும், கேட்பவர் மனத்தில் அது தானாக எழும்படி செய்து, அந்த அவை பொறுத்துக்கொள்ளும் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிற பேச்சு, படம், உடை, பாட்டு ஆகியவற்றை ஆங்கிலத்தில் ரிஸ்கே என்பார்கள். எல்லைக்கு அப்பால் இருப்பது ஆபாசம். எல்லைக்கு இப்பால், அதை ஒட்டி நிற்பது ரிஸ்கே. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், அந்தச் சொல் எதைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பயன்படுத்தப்பட்டதோ அதுவே காணாமற் போய்விடும்.

சொல்லின் பிறப்பு பிரெஞ்சு. துணிந்து இறங்குதல், இடருக்கு உட்படுத்துதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த எச்சச் சொல் இது. ஆங்கிலத்தில் 1860களிலிருந்து எழுத்தில் காணப்படுகிறது. பிரெஞ்சில் இன்றும் ஆபத்துக்குரிய என்பதே இதன் முதற்பொருள். ஆங்கிலம் அந்த ஆபத்தைப் பண்பாட்டு ஆபத்தாகச் சுருக்கிக்கொண்டது: சொல்பவர் ஓர் அடி தவறினால் அவை முகம் சுளிக்கும் என்ற ஆபத்து. ஆகவே பங்குச் சந்தை முதலீட்டையோ மலையேற்றத்தையோ ஆங்கிலத்தில் ரிஸ்கே என்று சொல்ல இயலாது. அதற்கு ‘ரிஸ்கி’ என்ற தனிச்சொல் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பி எழுதுவோர் நம் ஊரில் மட்டுமல்ல, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டோரிடையேயும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது (risqué) கடைசி எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இருக்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பில் இறுதி ‘கே’ நெடிலாகவே ஒலிக்கும்.

இனிப் பொருளின் உள்ளே செல்வோம். நம் இலக்கணத்தில் இடக்கர் அடக்கல் என்று ஒன்று உண்டு. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதைத் தொல்காப்பியம் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்று விதிக்கிறது. நன்னூல் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக அதை வைக்கிறது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது பள்ளியில் எல்லாருக்கும் சொல்லித்தரப்படும் எடுத்துக்காட்டு. அங்கே சொல்பவரின் நோக்கம், கேட்பவர் செய்தியை அறிந்துகொள்ள வேண்டும், ஆனால் காட்சி அவர் மனத்தில் எழக்கூடாது என்பதாகும். ரிஸ்கே என்பதும் மறைத்துச் சொல்வதுதான். ஆனால் இங்கே நோக்கம் நேர்மாறானது. காட்சி எழ வேண்டும். எழுந்ததற்குப் பொறுப்பு கேட்பவருடையதாக இருக்க வேண்டும். ‘நான் ஒன்றும் சொல்லவில்லையே, உங்கள் மனத்தில்தான் கோளாறு’ என்று கூறித் தப்பித்துக்கொள்ளும் வழியை வைத்துக்கொண்டு பேசும் பேச்சு அது. நம் திரைப்படங்களில் இரட்டை அர்த்த வசனம் என்று நாம் சொல்வது இந்தத் தப்பிக்கும் வழியின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு பொருளை மட்டும் கேட்ட குழந்தை மாம்பழத்தைப் பற்றியோ சமையலைப் பற்றியோ பேச்சு நடப்பதாக நினைத்துச் சும்மா இருக்கும். மறு பொருளையும் கேட்ட பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

எனவே இச்சொல்லில் அளக்கப்படுவது உள்ளடக்கத்தைவிடத் தொலைவு. எல்லை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒன்று ரிஸ்கே ஆகிறது. எல்லையை வகுப்பதோ அவை. கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில், மாப்பிள்ளைத் தோழன் ஒலிவாங்கியைப் பிடித்து முதலிரவைப் பற்றி ஒரு சிறு குத்தல் சொன்னால் மண்டபமே சிரிக்கும். அதே வரியைக் கோயில் திருவிழா மேடையில் சொன்னால் நிர்வாகத்தார் ஒலிவாங்கியைப் பிடுங்கிவிடுவார்கள். நண்பர்கள் மட்டும் உள்ள மேசையில் சொன்னால் யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே இராது. வரி ஒன்றுதான், முதல் இடத்தில் அது ரிஸ்கே, இரண்டாம் இடத்தில் அநாகரிகம், மூன்றாம் இடத்தில் சாதாரணப் பேச்சு. ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் ‘இந்த அவைக்கு’, ‘அந்தக் காலத்துக்கு’, ‘குடும்ப நிகழ்ச்சிக்கு’ என்ற ஓர் ஒட்டோடு வருவதன் காரணம் இதுவே. 1930களின் அமெரிக்கத் திரைப்படம் ஒன்றை அக்காலத்துக்கு ரிஸ்கே என்று எழுதுவார்கள். இன்றைய பார்வையாளருக்கு அதில் கண்ணில் படும்படி எதுவுமே இராது. ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை நீடித்த தயாரிப்பு விதித்தொகுப்பு எதையும் நேராகக் காட்டவிடாததால், மறைமுகமாகச் சொல்லும் கலை அங்கே பெரிதும் வளர்ந்தது. தடை இருக்கும் இடத்தில்தான் இச்சொல்லுக்கு வேலை.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது, அகராதிகள் அதைச் சொல்வதில்லை. இச்சொல்லைச் சொல்பவர் கோபமாக இல்லை. ஏதோ ஒரு வானொலி நிகழ்ச்சியைக் கண்டித்துப் புகார்க் கடிதம் எழுதுகிறவர் இச்சொல்லைத் தேடிப் போகமாட்டார். அருவருப்பையோ ஒழுக்கக்கேட்டையோ குறிக்கும் கடுஞ்சொல்லைத்தான் எடுப்பார். ரிஸ்கே என்று எழுதுகிறவர் பாதி புன்னகையோடு, ‘கொஞ்சம் அப்படியிப்படித்தான், ஆனாலும் பரவாயில்லை’ என்கிற மனநிலையில் எழுதுகிறார். விமர்சனத்தில் இது சில வேளைகளில் பாராட்டாகவே வரும். உங்கள் வரியில் அது பாராட்டுத்தான்: எல்லையருகே துணிந்து போயிருக்கிறார்கள், ஆனால் தரம் தாழவில்லை என்று விமர்சகர் மெச்சுகிறார்.

எதனோடெல்லாம் இது சேரும் என்று பார்த்தால், நகைச்சுவைத் துணுக்கு, வசனம், பாடல் வரி, மேடை நடனம், உடை, நிழற்படம், விளம்பரம், வாழ்த்து அட்டை ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும். ஒருவரைச் சொல்வதானால் அவருடைய தொழிலைச் சுட்டித்தான் சொல்வார்கள்: ரிஸ்கே நகைச்சுவையாளர் என்பது பொருந்தும், ரிஸ்கே அத்தை என்பது பொருந்தாது. சற்று, கொஞ்சம், ஓரளவு என்று குறைத்துச் சொல்லும் அடைகளே இதற்கு முன்னால் மிகுதியாக வரும். ‘மிக’ என்பதும் வரலாம், ஆயினும் மிக மிக ரிஸ்கே ஆன ஒன்று எல்லையைத் தாண்டி வேறு பெயர் பெற்றுவிடும். வன்முறைக்கு, அரசியல் துணிச்சலுக்கு, மதத்தைச் சீண்டுவதற்கு இச்சொல் உரியதன்று. உடலுறவை நேராகக் காட்டும் படத்தை யாரேனும் ரிஸ்கே என்றால் அவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்றே ஆங்கிலத்தார் எடுத்துக்கொள்வர்.

அடுத்து இதன் அண்டைச் சொற்கள். ‘சஜெஸ்டிவ்’ என்பது உணர்த்துகிற, குறிப்பால் தோற்றுவிக்கிற என்ற பொதுப்பொருளுடைய சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலியலை உணர்த்துகிற என்ற சிறப்புப் பொருளையும் ஏற்றுக்கொண்டது. ரிஸ்கே சொல்பவரின் புன்னகையைக் காட்டும் சொல். சஜெஸ்டிவ் உணர்ச்சியற்ற வகைப்பாட்டுச் சொல், அலுவலகச் சொல் என்றே சொல்லலாம். அதனால்தான் தரமதிப்பீட்டு அமைப்புகள் இதை எடுத்துக்கொண்டன. அமெரிக்கத் தொலைக்காட்சியின் தரக்குறியீட்டில் ‘டி’ என்ற எழுத்து இத்தகைய உரையாடலைக் குறிக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டு மென்பொருள் மதிப்பீட்டு அமைப்பான இ.எஸ்.ஆர்.பி. ‘சஜெஸ்டிவ் தீம்ஸ்’ என்ற குறிப்பை, பாலுணர்வைத் தூண்டக்கூடிய குறிப்புகள் என்ற பொருளில் பயன்படுத்துகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான தரத்தில்கூட அந்த அமைப்பு இதை மிகக் குறைந்த அளவில் அனுமதிக்கிறது. லோ யாட் பிளாசாவில் வாங்கிய ஒரு விளையாட்டின் பெட்டியில் உள்ள இந்தக் குறிப்பை ஆபாசக் கருப்பொருள் என்று தமிழில் ஒட்டினால், பத்து வயதுப் பிள்ளைக்கு ஆபாசம் ஏற்றது என்று அந்த அமைப்பு சொல்வதாக ஆகிவிடும். ‘மறைமுகப் பாலியல் குறிப்புகள்’ என்றால் போதும்.

‘ரேஸி’ இன்னும் சுவையான கதை. பந்தயத்தோடு இதற்குத் தொடர்பில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இது, விளைந்த இடத்தின் தனிச்சுவை மாறாத திராட்சை மதுவுக்கும் பழத்துக்கும் சொல்லப்பட்ட அடைமொழி. மது பற்றி எழுதுவோர் இன்றும் துடிப்பான புளிப்புள்ள மதுவை இப்படிக் குறிக்கிறார்கள். அங்கிருந்து மண்ணோடு சேர்த்து வழங்கும் ஒரு தொடர் பிறந்தது. 1842இல் டப்ளினில் தொடங்கிய ‘தி நேஷன்’ என்ற ஏடு, அயர்லாந்தின் பொதுக்கருத்தை அந்த மண்ணின் இயல்பு வீசும்படி வளர்ப்பதைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டபோது பயன்படுத்திய சொல் இதுதான். நாம் மண்வாசனை என்போமே, கிட்டத்தட்ட அதுவே. உயிர்ப்பான, காரசாரமான நடை என்ற பொருள் பின்னர் வலுப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலியல் சாயல் அதன்மேல் படிந்தது. இன்றைய ஆங்கிலத்தில் ரேஸி என்பது ரிஸ்கேயைவிடச் சற்றுத் துணிச்சலானது, சற்றுப் பேச்சுவழக்கானது. மறைப்பைவிடக் கிளர்ச்சியை முன்னிறுத்துவது. ரிஸ்கே துணுக்கைக் கேட்டால் சிரிப்பு வரும். ரேஸி படத்தைப் பார்த்தால் வேறொன்று வரலாம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனிப் பள்ளம் காத்திருக்கிறது. சென்னைத் திரை விமர்சனங்களில் ‘ரேஸியான திரைக்கதை’ என்பது அன்றாடத் தொடர். அங்கே அதன் பொருள் விறுவிறுப்பான, தொய்வில்லாமல் ஓடுகிற என்பது மட்டுமே. துளிப் பாலியலும் கிடையாது. சொல்லின் பழைய ‘உயிர்ப்பான’ என்ற பொருளோடு பந்தய வேகத்தைப் பற்றிய எண்ணமும் சேர்ந்து அந்த வழக்கை நிலைநிறுத்தியிருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆகவே ‘ரேஸி திரில்லர்’ என்று ஓர் இந்திய ஆங்கில ஏடு எழுதினால் விறுவிறுப்பான படம் என்றும், லண்டன் ஏடு ‘ரேஸி நாவல்’ என்று எழுதினால் கிளுகிளுப்பான நாவல் என்றும் கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும். எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்க்காமல் இச்சொல்லைத் தொடாதீர்கள். கணினித் துறையில் இச்சொல் இப்போது ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. கூகுளின் படங்களை ஆராயும் சேவை, ஒரு படத்தை வயது வந்தோருக்குரியது என்றும் ரேஸி என்றும் தனித்தனியே மதிப்பிடுகிறது. குறைந்த உடை, மெல்லிய உடை, திட்டமிட்டு மறைக்கப்பட்ட நிர்வாணம், தூண்டும் தோரணை முதலியவை இரண்டாவதில் அடங்கும். மைக்ரோசாஃப்டின் சேவையும் இப்பிரிப்பை வைத்திருக்கிறது. ஆபாசத்துக்கு இப்பால் ஒரு தனி அறை தேவை என்பதை எந்திரத்துக்குக் கற்பித்தவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

‘சாஸி’ என்பது பிரிட்டிஷ் வழக்கில் மிகுதி. குறும்பும் பாலியல் சாயலும் கலந்தது. இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் விற்ற கேலிச்சித்திர அஞ்சலட்டைகளைக் குறிக்க இச்சொல் நிலைத்துவிட்டது. அவற்றை வரைந்தவர்களில் பெயர்பெற்றவர் டொனால்ட் மெகில். 1954இல் லிங்கன் நகரில், 1857ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. விடுமுறைக்கு வந்தவர்கள் வெறும் குறும்பாகக் கருதி வாங்கி உறவினருக்கு அனுப்பிய அதே அட்டைகள், நீதிமன்றத்தில் ஆபாசம் என்று பெயர் பெற்றன. அட்டையில் ஒரு கோடும் மாறவில்லை, பார்க்கிற அவைதான் மாறியது. ‘பாடி’ (bawdy) என்ற சொல் பழைய நாடகங்கள், பாட்டுகளின் வாய்விட்ட சிரிப்போடு கூடிய கொச்சைக்கு உரியது. ‘லூட்’ (lewd), ‘ஒப்சீன்’ (obscene) இரண்டும் கண்டனச் சொற்கள். பின்னது சட்டச் சொல்லும்கூட.

சட்டம் என்று வந்துவிட்டதால், மலேசியாவில் எழுதுகிறவர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டிய காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்நாட்டில் மலாயில் ‘லுச்சா’ என்றும் நம் ஏடுகளில் ஆபாசம் என்றும் எழுதப்படுவது குற்றத்தின் பெயர். குற்றவியல் சட்டத்தின் 292ஆவது பிரிவு ஆபாசப் பொருள்களை விற்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது; 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் ஆபாசப் படத்தை வைத்திருப்பதையே தடுக்கிறது; 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இணையத்தில் ஆபாசமான, முறையற்ற உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. ஊடகத் துறை தனக்கென வகுத்துக்கொண்ட உள்ளடக்க விதித்தொகுப்பும் முறையற்றது, ஆபாசமானது என்று இரண்டு தனித் தலைப்புகளை வைத்திருக்கிறது. இந்நிலையில், உரிமம் பெற்று ஓர் அரங்கில் நடந்த நாடகத்தை ஆபாசமானது என்று நாளேட்டில் அச்சிடுவது விமர்சனத்தைத் தாண்டிக் குற்றச்சாட்டாகிவிடுகிறது. நாடகக் குழுவினர் கோபித்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூலத்தை எழுதிய விமர்சகரோ அவர்களைப் பாராட்டியிருக்கிறார்!

தணிக்கை வாரியத்தின் தரக்குறியீட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 18 எஸ்.எக்ஸ். என்ற பழைய குறி நினைவிருக்கும். பாலியல் காட்சிகள் உண்டு, ஆனால் மிதமிஞ்சியவை அல்ல என்பது அதன் விளக்கம். அந்த ‘மிதமிஞ்சாத’ என்ற அளவுச் சொல் கவனிக்கத்தக்கது. 2012இல் 18இன் கிளைகள் அனைத்தும் ஒரே 18 ஆக்கப்பட்டன. 2023இல் யு, பி12, 13, 16, 18 என்ற வரிசை வந்தது. நீங்கள் கேட்கும் ரிஸ்கே இந்த ஏணியின் உச்சியில் நிற்பதன்று, நடுப்படிகளில் நிற்பது. உடையைப் பற்றி மலாயில் ‘மெஞ்சோலோக் மாத்தா’ என்பார்கள், கண்ணைக் குத்துவது என்று பொருள். நாம் கண்ணை உறுத்துவது என்கிறோம். இரண்டும் கண்டனங்கள், ஒரு விருந்தில் நடிகை அணிந்துவந்த ரிஸ்கே உடையைப் பற்றி ஆங்கிலத்தார் எழுதும்போது அந்த உறுத்தல் அதில் இருப்பதில்லை.

2017 ஜூலையில் நடந்த ஒன்று இங்கே பொருந்தும். ‘டெஸ்பசீத்தோ’ என்ற ஸ்பானியப் பாட்டு உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோது, அதன் வரிகளைப் பற்றி எழுந்த புகார்களைத் தொடர்ந்து, நம் அரசு வானொலியும் தொலைக்காட்சியும் அதை ஒலிபரப்புவதை நிறுத்தின; தனியார் வானொலிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஸ்பானியம் அறியாத நம் செவிக்கு அது வெறும் தாளம். மொழிபெயர்ப்பு கைக்கு வந்த பிறகே அது சிலருக்குச் சங்கடமான பாட்டானது. குறிப்பால் உணர்த்துவது எதுவும், குறிப்பை அறிந்தவர் இல்லாத அவையில் உணர்த்துவதே இல்லை. மொழிபெயர்ப்பவர் அந்த அறிவை அவைக்குக் கொண்டுவருகிறவர். எவ்வளவு கொண்டுவருகிறோம் என்பதில் பொறுப்பு வேண்டும்.

இனித் தமிழ்ச் சொற்கள். ஒரே சொல்லைத் தேடி அலைவதை விட்டுவிடுங்கள், அப்படியொன்று இல்லை. இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்கின்றன. ‘கவர்ச்சி’ என்பது திரையுலகில் உடையையும் நடனத்தையும் குறிக்கும்போது ரிஸ்கேக்கு வெகு அருகில் வருகிறது. கண்டனமும் இல்லை, கண்சிமிட்டலும் உண்டு. ஆனால் பேரங்காடி விளம்பரத்தில் ‘கவர்ச்சியான பரிசுகள்’ என்றும் எழுதுகிறோம், ஆகையால் சூழல் தெளிவாக இருக்க வேண்டும். பேச்சுக்கும் துணுக்குக்கும் கவர்ச்சி பொருந்தாது. ‘கிளுகிளுப்பு’ தொனியில் மிகப் பொருத்தமானது, கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கூச்சமும் கலந்த சொல். ரேஸி என்பதற்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான். எனினும் செய்திக் கட்டுரையின் நடைக்கு அது இலகுவாகிவிடும். ‘விரசம்’ நல்ல சொல், சுவை கெட்ட நிலையைக் குறிப்பது. நம் விமர்சகர்கள் ‘விரசமில்லாத நகைச்சுவை’ என்று எழுதும்போது விரசத்தை எல்லைக்கு அப்பால் வைத்துவிடுகிறார்கள், ஆகவே அது உங்கள் வரியில் உள்ள ‘குரூட்’ என்பதற்கு ஏற்றது, ரிஸ்கேக்கு அன்று. ‘இரட்டை அர்த்தம்’ வசனத்துக்குச் சரி, படத்துக்கும் உடைக்கும் ஆகாது. ‘ஏ ஜோக்’ என்பது இந்தியத் தணிக்கைச் சான்றின் எழுத்திலிருந்து பிறந்த பேச்சுவழக்கு. நண்பர்களிடையே ரிஸ்கே துணுக்கு என்றால் அதுதான், அச்சில் ஏறாது.

நிறங்களும் இதில் விளையாடுகின்றன என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பச்சையாகப் பேசுவது என்றால் நாம் எதையும் மறைக்காத கொச்சையைச் சொல்கிறோம். நீலப்படம் ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்தது. மஞ்சள் பத்திரிகை என்பதும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே அது பரபரப்புக்காகச் செய்தியை ஊதிப் பெருக்கும் ஏட்டைக் குறிக்க, தமிழில் பாலியல் கதை வெளியிடும் ஏட்டைக் குறிக்கும் அளவுக்குச் சரிந்துவிட்டது. இம்மூன்றும் ரிஸ்கேக்கு உதவா. மூன்றுமே எல்லைக்கு அப்பால் இருப்பவை.

எனக்கு வேலையில் மிகுதியாகக் கைகொடுப்பது ‘இலைமறை காயாக’ என்ற தொடர். மறைப்பும் இருக்கிறது, மறைத்ததைத் தெரியவிடும் தந்திரமும் இருக்கிறது. பாலியல் என்ற செய்தி மட்டும் அதில் இல்லை. அதை நாம் சேர்க்க வேண்டும். அளவைக் காட்டுவதற்கு நம் விமர்சன மொழியில் ஏற்கெனவே ஒரு முழக்கோல் இருக்கிறது: ‘குடும்பத்தோடு பார்க்கலாமா?’ என்ற கேள்வி. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கையில் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும், ஆனால் எழுந்து அணைக்க வேண்டியதில்லை என்ற இடமே ரிஸ்கே இருக்கும் இடம். ‘நெளிய வைக்கும்’ என்பதைத் தனியே எழுதினால் கண்டனமாகிவிடும். ‘சற்றே நெளிய வைத்துச் சிரிக்க வைக்கும்’ என்றால் தொனி திரும்பிவிடும்.

ஆக, உங்கள் வரியை நான் எழுதுவதானால், ‘நகைச்சுவையில் இலைமறை காயாகப் பாலியல் குறும்பு உண்டு, ஆனால் ஓரிடத்திலும் விரசம் இல்லை’ என்று எழுதுவேன். பக்க ஆசிரியருக்கு இடம் குறைவு என்றால், ‘எல்லையைத் தொட்டு வரும் நகைச்சுவை, எங்கும் விரசம் இல்லை’ என்பது போதும். நிழற்படத்தைப் பற்றிய வரியானால் ‘கவர்ச்சிப் படம்’ என்பதே இயல்பு. இதிலும் ஒரு கண் வையுங்கள்: ஒரே அளவு துணி குறைந்த ஆணின் படத்துக்கு ஆங்கில ஏடுகள் இச்சொல்லை அவ்வளவு விரைவாகப் பயன்படுத்துவதில்லை. மூலம் ஒரு பெண்ணின் படத்தை ரிஸ்கே என்று சொன்னது என்பதற்காகத் தலைப்பில் அதை இன்னும் ஒரு படி ஏற்றிவிடும் வழக்கம் நம் ஏடுகளில் உண்டு. அந்த ஏற்றத்துக்கு மூலம் பொறுப்பாகாது, நாம்தான் பொறுப்பு. வசன வரியில் வேலை செய்ய நேர்ந்தால் நிலைமை வேறு: அங்கே ரிஸ்கே என்ற சொல் வராது, ரிஸ்கே ஆன வரியே வரும். இரண்டு பொருளையும் ஒரே தமிழ் வரியில் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் வெளிப்பொருளை எழுதிவிட்டு, உட்பொருளை நடிகரின் முகத்துக்கு விட்டுவிடுங்கள். உட்பொருளை மட்டும் எழுதினால் மறைப்பு போய்விடும். தணிக்கையாளரின் பேனாவும் வந்துவிடும்.

சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், பலர் அந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள். நான் பரிந்துரைக்கமாட்டேன். ‘ரிஸ்க்’ என்ற சொல் நம் பேச்சில் ஊறிக் கிடக்கிறது, ஏகாரம் நமக்குத் தேற்றப்பொருள், அதாவது அழுத்திச் சொல்லும் பொருள், தருவது. ‘இந்த நாடகத்தில் ரிஸ்கே இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். துளி ஆபத்தும் இல்லாத நாடகம் என்றுதான் ஈப்போவிலும் கிள்ளானிலும் படிப்பார்கள்.